பதினேழாம் இலக்கக் கதவு

முகத்துவாரத்தில் பஸ் நின்றதும்
கடலுக்கு முன் மீன்தான் வந்து வரவேற்றது.
நான் வந்தது மீனுக்கல்ல,
பாய்மரத் தெருவுக்கு.
தெருமுனையில் ஒரு சங்கிலி,
சங்கிலிக்கு ஒரு பையன்,
பையன் கையில் டிக்கட் புத்தகம்.
உள்நாட்டவருக்கு நூறு ரூபாய்.
"உள்நாடுதானே?" என்றான்.
"வத்தளை" என்றேன்.
சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தான்.

இருபத்து மூன்று வீடுகள். எல்லாம் மஞ்சள்.
மாம்பழ மஞ்சளோ பூசு மஞ்சளோ இல்லை,
அலுமாரியின் அடியில் கிடந்த
கடித உறையின் மஞ்சள்.
மின்கம்பியை மண்ணுக்குள் ஒளித்துவிட்டார்கள்.
கொடியில் ஒரு சட்டை இல்லை.
உட்காரக் கம்பி இல்லாத காகங்கள்
ஓட்டு விளிம்பில் முறை வைத்து நின்றன.

சுவரில் மும்மொழிப் பலகை.
சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்
சாய்வதற்கு மட்டுமே தடை.
தமிழில் ஓர் எழுத்து இடம் மாறி
'சுவரில் சாகாதீர்' என்றிருந்தது.
இருமுறை வாசித்தேன்.
கீழே திணைக்களத்தின் முத்திரை.
சரி, சாகவில்லை என்று
கையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

சர்க்கரை வியாதிக்காரிக்கு
வரலாறு நாற்பது நிமிஷத்துக்கு மேல் தாங்காது.
பதினேழாம் இலக்கத்தைத் தட்டினேன்.
"தோளால தள்ளுங்க, உப்பில ஊதிப்போன கதவு"
என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

தள்ளினேன்.
மஞ்சளுக்குப் பின்னால் எட்டடி அறை,
தகரக் கூரை, ஐஸ் பெட்டி,
கால்மாட்டில் படுத்திருக்கும் நாய்போல
ஒரு படகு எஞ்சின்.
அனஸ்தாசியா பாரை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
கத்தி முனையால் வழி காட்டினாள்:
"பின்னுக்கு. வாளியில தண்ணி இருக்கு.
அம்பது ரூபா, மேடம்.
டிக்கட் காசில எங்களுக்கு ஒண்டும் வாறதில்ல."

திரும்பி வந்து, சும்மா கேட்டேன்:
இந்த மஞ்சள் நீங்கள் தேர்ந்ததா?

"நானா? கிழமைக்கணக்கா சுரண்டினாங்க.
கத்தியால, பிளேட்டால,
கடைசியா பல்லு விளக்குற பிரஷ்ஷால.
மேல ரோஸ். அது மகன் கட்டார்ல இருந்து
முதல்ல அனுப்பின காசு.
அதுக்குக் கீழ நீலம், என்ட கல்யாணம்.
அதுக்குக் கீழ…"
மீனைத் திருப்பிப் போட்டாள்.
"கரி. அது பெயின்ட் இல்ல. எம்பத்தி மூணு.
அவங்க கேக்கல்ல. நானும் சொல்லல்ல.
பிறகுதான் மஞ்சள் வந்திச்சு.
இதுதான் அசல் எண்டு
ஆளுக்காள் கை குடுத்துக்கிட்டாங்க."

செதில் ஒன்று பறந்து
என் கைப்பையில் ஒட்டிக்கொண்டது.

"மஞ்சளுக்குக் கீழயும் இருந்திச்சு, மேடம்.
ஒரு வெள்ளை. அதுக்கும் கீழ சிப்பிச் சுண்ணாம்பு.
ஆனா மத்தியானமாயிட்டுது.
சாப்பாட்டுக்குப் போய்ட்டாங்க."

நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
மிச்சம் தேடி அவள் சீனி டப்பாவைக் கவிழ்த்தாள்.
நாணயங்களோடு ஒரு தூண்டில் முள்ளும் விழுந்தது.
வேண்டாம் என்றேன்.
வேண்டும் என்று எண்ணித் தந்தாள்,
ஐந்து ஈரமான பத்துகள்.
"கதவச் சாத்திட்டுப் போங்க.
திறந்து கிடந்தா காகமும் வரும்,
திணைக்களமும் வரும்."

வெளியே கல்யாணத்துக்கு முன்னான படம் பிடிக்க
ஒரு ஜோடி வந்திருந்தது.
பெண்ணின் சேலைத் தலைப்பை ஒருவன்
காற்றில் எறிந்து எறிந்து விட்டுக்கொண்டிருந்தான்.
நான் கைப்பிடியைப் பற்றி
முழுப் பலத்தோடு கதவை இழுத்தேன்.
அது முனகியது, அசையவில்லை.
கெமராக்காரன் அவர்களை விட்டு
என் பக்கம் திரும்பினான்.
"அன்ட்டி, அப்படியே நில்லுங்க,
கதவில கை வச்சபடி. இந்த வீட்டு ஆள்தானே நீங்க?"

கைப்பையில் செதில்,
கைக்குள் ஐந்து ஈரப் பத்துகள்.
வத்தளை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
நின்றேன்.
உள்ளேயிருந்து அனஸ்தாசியா கத்தினாள்:
"இன்னும் கொஞ்சம் இழுங்க!"