வீ

மூன்றாம் முறையாக வாசிக்கிறாள் தெல்லெர்வோ.
மதிப்பீட்டாளர் எண் இரண்டு,
பெயர் தெரியாதவர், குறிப்பு பதினொன்று:
"கட்டுரையாசிரியர் ஒருவரே.
அப்படியிருக்க 'வீ' என்பது யார்?
எல்லா இடத்திலும் திருத்துக."

எல்லா இடம் என்றால் அறுபத்து மூன்று.
கணினி எண்ணித் தந்தது
ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி.
வெள்ளைத் திரையில் அங்கங்கே மஞ்சள்.
அந்த ஒலியைத் தமிழில் எழுதினால்
உதிர்ந்த பூ என்று பொருள்;
அது அவளுக்குத் தெரியாது.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
பின்லாந்தின் வடகோடி.
ஒரு பெட்ரோல் பங்க்கும் ஒரு தேவாலயமும் சேர்ந்தால்
ஊர் என்று பெயர்.
ஆய்வு நிலையம் ஊருக்கும் அப்பால்.
ஏரி அங்கே இருக்கிறது என்று
எட்டு மாதம் நம்பித்தான் ஆகவேண்டும்.

ஆங்கிலம் அவளுக்கும் இரவல்தான்.
முப்பது வருடம் முன்பு ஹெல்சிங்கியில்
யாரும் கற்றுத்தராமலே பிடித்துக்கொண்டாள்:
அளந்தோம், கண்டோம், கருதுகிறோம்.
'வீ' ஒரு கோட்டு.
உடம்புக்குச் சற்றுப் பெரியது,
ஆனால் குளிர் தாங்கும்.

சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தாள்.
"ஐஸில் நாற்பத்தொரு துளைகள் இட்டோம்."
இட்டேன் என்று அடித்தாள்.
திரை ஒன்றும் சொல்லவில்லை.
வலிக்காத தோள்பட்டைதான் சொன்னது, பொய் என்று.
இட்டவன் நீலாஸ்.
சாமி இனத்தவன், கலைமான் வைத்திருப்பவன்,
மணிக்கூலிக்குப் பனிவண்டி ஓட்டுகிறவன்.

அடுத்த மஞ்சள்:
"ஏப்ரலில் வெப்பமானி ஒன்றை இழந்தோம்."
அன்று ஐஸ் விரிசல் விட்டு
இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான் நீலாஸ்.
ஏறும்போது காலில் ஒற்றைப் பூட்ஸ்.
அதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது.

"துளைகள் இடப்பட்டன" என்று போட்டுப் பார்த்தாள்.
ஆளில்லாத ஏரியில்
தாமாகத் திறந்துகொண்ட நாற்பத்தொரு வாய்கள்.
அழித்தாள்.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்த எனக்கு
வேறு தொல்லை.
நாம் போடுவதா, நாங்கள் போடுவதா?
ஆங்கிலக்காரன் ஒரே கதவு வைத்தான்.
நம் வீட்டில் இரண்டு:
ஒன்றில் கேட்பவரும் உள்ளே வரலாம்,
மற்றதில் வாசலோடு சரி.
துளையிட்டது நாங்கள்.
"படம் நான்கில் காண்கிறோம்" என்பதோ நாம்,
வாசிப்பவர் கையைப் பிடித்து
வளைகோட்டின் சரிவில் கூட்டிப்போகிற நாம்.
ஒரே பக்கத்தில் ஒரே சொல்
அழைக்கவும் செய்கிறது, கதவடைக்கவும் செய்கிறது.
இது மதிப்பீட்டாளருக்குத் தெரிய நியாயமில்லை.

மத்தியானம் நீலாஸ் வந்தான்
பெட்ரோல் ரசீதுகளோடு.
காப்பி ஊற்றியபடி விஷயத்தைச் சொன்னாள்.
சிரிப்பான் என்று நினைத்தாள், யோசித்தான்.
"எங்கள் பாஷையில் இரண்டு பேருக்கென்று
தனியாக ஒன்று உண்டு. மொஆய்.
நீயும் நானும் என்றால் மொஆய்.
மூன்றாவது ஆள் வந்தால் வேறு சொல்."
ஜன்னல் பக்கம் பார்த்தான்.
"ஏரியைச் சேர்க்கிறதா இல்லையா,
அதை நீ முடிவு பண்ணு."

உன் பெயரைப் போடட்டுமா, இரண்டாவதாக?
"எதற்கு? ஐஸ் மெலிகிறது என்று
நான் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.
மானுக்கே தெரியும்.
நீ ரசீதில் கையெழுத்துப் போடு."
போட்டாள்.
பூட்ஸ் விலையையும் எழுதியிருந்தான்,
முழு ஜோடிக்கு.

இரவு, கட்டுரையின் கடைசி: நன்றியுரை.
அங்கே மட்டும், யாரும் திருத்தாமலே,
முப்பது வருடமாக ஒருமையில் இருந்திருக்கிறாள்.
"பிழைகள் இருப்பின் அவை என்னுடையவை."
பிழைக்கு மட்டும் கோட்டைக் கழற்றியிருக்கிறாள்.

பதில் எழுதினாள்.
குறிப்பு பதினொன்று:
ஆசிரியர் ஒருவர். துளையிட்டவர்கள் இருவர்.
அறுபத்திரண்டு இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.
வரி 212இல் மட்டும் "கருதுகிறோம்" என்பது
"கருதுகிறேன்" ஆயிற்று.

காரணம் எழுதவில்லை.
நீலாஸ் கருதுவதில்லை; அவனுக்குத் தெரியும்.

அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தாள்.
தூரத்தில் ஏரி ஒருமுறை
இறுகிய சத்தம் கேட்டது.