முப்பத்தாறு

ராத்திரி பதினொன்றரை.
ஐந்து ரோட்டில் தட்டுவடைக் கடைகள்கூட மூடியாயிற்று.
நானும் ஜெபசீலியும்
117-ஐக் கழுவிக்கொண்டிருக்கிறோம்.

சின்னக் குழாயில் காந்த மணிகள்,
மணிகளின் மேல் எதிர்ப்புரதம்,
பக்கத்தில் ஒரு காந்தம்.
ஒட்டியது சுவரோடு நிற்கும்,
ஒட்டாததை உறிஞ்சி எடுத்துவிடுவோம்.
மூன்று முறை.
போன வாரம் இரண்டோடு நிறுத்தி ஏமாந்தோம்.

117 யாரென்று தெரியாது.
ஐந்து மாதம் மாத்திரையை விட்டவர்,
அவ்வளவுதான் தெரியும்.
விட்டதும் வைரஸ் திரும்பி வந்தது.
எங்கே ஒளிந்திருந்து வந்தது?

அதற்குச் சொந்தமாகத் தோல் கிடையாது.
செல்லை விட்டுக் கிளம்பும்போது
அதன் சவ்விலேயே ஒரு துண்டைக் கிள்ளிப்
போர்த்திக்கொண்டு வரும்.
வீட்டுக்காரனின் புரதமும் அதில் கொஞ்சம் வந்துவிடும்:
டி செல் என்றால் இருபத்தாறு,
பெருவிழுங்கி என்றால் முப்பத்தாறு.

வெள்ளைக்கல் சுரங்க ஸ்டாப்பில் ஏறுகிறவரைக்
கண்டக்டர் "எங்க ஏறினீங்க" என்று கேட்பதில்லை,
தோளைப் பார்த்து டிக்கெட் கிழிப்பார்.
ஜெபசீலியின் கணவர் அங்கேதான் லாரி ஓட்டுகிறார்.
கல்யாணமான புதிதில் ஒருநாள்
தூசே இல்லாத சட்டையோடு வந்து மாட்டிக்கொண்டாராம்.
எங்கே போயிருந்தார் என்றேன்.
சிரித்தாள். பிப்பெட்டை மாற்றினாள்.

ஆனால் செல்கள் சும்மாவும் உதிர்க்கும்:
உள்ளே ஒன்றுமில்லாத குமிழிகள்,
மேலே அதே புரதம்.
காந்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.
அதனால் முதலில் நாற்பத்தைந்தை வைத்து வடிகட்டினோம்;
அது குமிழியில் ஏறும், வைரஸில் ஏறாது.
ஏன் ஏறாது என்று கேட்டால்
மங்கையர்க்கரசி மேடம் இரண்டு காரணம் சொல்லிவிட்டு
மூன்றாவதாகத் "தெரியாது" என்பார்.
அந்த மூன்றாவதுக்காகத்தான்
நான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன்.

ஒன்றேமுக்காலுக்குத் திரையில் வளைகோடுகள்.
இருபத்தாறு, இருபத்தெட்டாவது சுற்றிலேயே எழுந்தது.
முப்பத்தாறு, முப்பத்து நான்கில்.
நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
பிறகு, எதுவும் பிடிக்கக்கூடாத வெறும் மணிக் குழாய்,
அதுவும்
முப்பத்தைந்தில்.

ஒரு சுற்று வித்தியாசம்.
அதை வைத்து எதையும் எழுத முடியாது.
ஜெபசீலி நோட்டில் எழுதினாள்: 117, மறுபடியும்.

ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டு மலையில்
ஏதோ வண்டியின் வெளிச்சம் திரும்புகிறது.
எத்தனையாவது கொண்டை ஊசியோ,
இங்கிருந்து எண்ண வராது.
மிச்ச மணிகளை
நாலு டிகிரியில் வைத்துப் பூட்டினோம்.