பதின்மூன்று டிகிரி

ஜனவரி ஒன்பது. டூயிஸ்பர்க்,
ரயில் பாலத்துக்குப் பின்னால் எங்கள் வீதி.
காலை ஆறு மணிக்குப் பதின்மூன்று டிகிரி.
இரவெல்லாம் ரொட்டித் தொழிற்சாலையில்
அடுப்பருகே நின்றுவிட்டு வருகிறேன்.
என் சட்டையில் இன்னும் சூடு இருக்கிறது,
என் வீட்டில் இல்லை.

ரேடியேட்டரில் கை வைத்தேன்.
மீன்கடைப் பலகை.

நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன்.
பியானோ வாசித்தார்கள்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல்.
பதினேழு நிமிடம் முக்கியமாக இருந்தேன்.
பிறகு துண்டித்துவிட்டார்கள்.

மேல்மாடியில் பெத்கோவின் கைக்குழந்தை
கம்பளித் தொப்பியோடு தூங்குகிறது.
தரைத்தளத்தில் ஹில்ட்ருட்
அவனின் கதவைத் திறந்துவைத்து
நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டு
குறுக்கெழுத்து நிரப்புகிறாள்.
இருபத்தெட்டு வருடம் டிராம் ஓட்டியவள்.
"டிராமில்கூட ஹீட்டர் இருந்தது" என்றாள்,
நிமிராமலே.

வாடகை கொடுத்து வாடையை வாங்கியிருக்கிறோம்.
ஒன்பது வீட்டின் நடுக்கத்தில்
ஒரு நிறுவனம் குளிர்காய்கிறது.

குடியிருப்போர் சங்கத்தில் சிர்னர் என்றொரு வழக்கறிஞர்.
மேசையில் பாதி தின்ற ஆப்பிள்.
"ஃபோனில் பேசியது காற்றோடு போயிற்று.
எழுதுங்கள். கெடு வையுங்கள்.
தெர்மாமீட்டர், தேதி, மணி,
பக்கத்தில் ஒரு சாட்சி.
வாடகையை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள்,
கோபத்தில் செய்தால்
உங்கள் சட்டம் அவர்கள் கைக்குப் போய்விடும்.
குறையும் அளவுக்குக் குறையும்,
மீதியை ஆட்சேபத்தோடு கட்டுங்கள்."

ஆட்சேபத்தோடு.
கட்டிக்கொண்டே தலைநிமிர
ஒரு சொல் இருப்பது
நாற்பத்திரண்டு வயதுவரை எனக்குத் தெரியாது.

ஏழு கதவுகளில் கையெழுத்து கிடைத்தது.
பெத்கோவ் குழந்தையின் பெயரையும் எழுதினான்,
அடித்துவிடச் சொல்ல மனம் வரவில்லை.
எட்டாவது கதவு, இரண்டாம் மாடி, ல்யூடெக்கே.
கதவைச் சங்கிலியளவு திறந்தார்.
"எனக்குக் குளிரவில்லை" என்றார்.
சொல்லும்போது
அவர் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

அன்றிரவு வேலைக்குக் கிளம்புகையில்
என் கதவிடுக்கில் ஒரு தாள்.
நவம்பர் மூன்றிலிருந்து
ஒருநாள் விடாமல்
காலை, மதியம், இரவு
எறும்பு வரிசையாக எண்கள்.
பதினைந்து. பதினான்கரை. பன்னிரண்டு.
கிறிஸ்துமஸ் அன்றும் மூன்று எண்கள்.
கீழே பெயர் இல்லை.

பதிவுத் தபாலில் போனது எங்கள் கடிதம்.
பன்னிரண்டாம் நாள் வந்தான் ஒரு பையன்,
காதில் பென்சில், கையில் தகரப் பெட்டி.
நிலவறையில் இருபத்தைந்து நிமிடம்.
கைக்குள் அடங்கும் ஒரு பம்பை
பழையது, புதியது என்று காட்டினான்.
இதற்கா, என்றாள் ஹில்ட்ருட்.
இதற்குத்தான், என்றான்.

சுவருக்குள் குழாய்கள் தொண்டையைச் செருமின.

பின்னாலேயே நிறுவனத்தின் கடிதம்:
நல்லெண்ண அடிப்படையில்
ஒருமுறை மட்டும்
நாற்பது யூரோ கழிவு.
மேலும், நீங்கள் குறைத்துக் கட்டியது
கடனாகவே கருதப்படும்.

கடன்தான்.
யாருடையது என்பதில்தான் பிழை.
'நல்லெண்ணம்' என்ற சொல்லைச் சிவப்பில் அடித்து
மேலே 'கடமை' என்றெழுதி
எண்களின் நகலை இணைத்துத் திருப்பி அனுப்பினேன்.
பதில் இன்னும் வரவில்லை.
சிர்னர் சொன்னார், வரும், மெதுவாக வரும்,
அதுவரை எண்களைப் பத்திரமாக வையுங்கள்.

ல்யூடெக்கே இதிலும் கையெழுத்திடவில்லை.
நானும் கேட்கவில்லை.
நேற்றுப் படிக்கட்டில்
குப்பைப் பையோடு இறங்கியவர்
என்னைத் தாண்டி நான்கு படி போனபின் நின்றார்.
"இன்று எவ்வளவு?"
"இருபத்தொன்று."
"எனக்கு இருபதரை" என்றார்.