முதுகில் பெயர் போட முப்பது ரூபாய்

பதினோரு பேர் கடைக்கு வந்தார்கள்.
கருப்பு பனியன், நெஞ்சில் வெள்ளை எழுத்து:
'கஜபதி கல்யாணக் கோஷ்டி'.
முதுகில் அவரவர் பெயர் போட
ஆளுக்கு முப்பது ரூபாய் கூட ஆகும் என்றேன்.
"பேரு இன்னாத்துக்குக்கா,
எங்க மூஞ்சி எங்களுக்குத் தெரியாதா"
என்றான் டில்லிபாபு.
முன்னூற்று முப்பது மிச்சம்.
அதில் எனக்கும் ஒரு பன்னீர் சோடா வந்தது.

எல்லோரையும் தெரியும் எனக்கு.
டில்லி தண்ணீர் கேன் போடுகிறவன்.
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்குவதை மறைக்க
எதையாவது முணுமுணுத்துக்கொண்டே ஏறுவான்.
ஹமீது கறிக்கடைக்காரர் மகன்,
ரத்தம் பார்த்தால் மயங்கி விழுவான்.
ஏசுபாதம் ஆடிட்டர் ஆபீசில் வேலை,
என் ஜிஎஸ்டி கணக்கை ஒரு டீக்குப் போட்டுத் தருவான்.
லோகுவுக்கு 'க' வராது.
கஜபதி என்று கூப்பிட முடியாமலே
பன்னிரண்டு வருடமாக 'மாப்ள' என்கிறான்,
இப்போதுதான் அது பொருந்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது.
முடியாத சரக்கு ரயில்.
பதினோரு பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள்,
பனியனில் என் கடை மடிப்பு கலையாமல்.
முந்தாநாள் வரை இதே கேட்டில்
ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்து போனவர்கள்தான்.
ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

இன்றைக்கு ஒரு பெண்
தாலிச்சரட்டை ஜாக்கெட்டுக்குள் தள்ளினாள்.
ஜூஸ் கடைக்காரர் கல்லாவைச் சாத்தினார்.
ஒருவன் சிரித்தான்,
பதினோரு பேர் சிரித்ததாகக் கேட்டது.
ஒருவன் செல்போன் எடுக்க பாக்கெட்டில் கைவிட்டான்,
இருபத்திரண்டு கைகள் பாக்கெட்டுக்குள் போயின.

ரோந்து ஜீப் வந்து நின்றது.
சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.
யாருக்குடா கல்யாணம் என்று
போயும் போயும் லோகுவைக் கேட்டார்கள்.
நெஞ்சில் எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை.
"க" என்றான். "க... க..."
அந்த இடத்தில்
பதினோரு பேரும் பொய் சொன்னார்கள்.

தாலி கட்டி, சாப்பாட்டுப் பந்தியும் எழுந்தபிறகு விட்டார்கள்.
சாயங்காலம் தெரு வாட்ஸ்அப்பில் அந்தப் படம்:
'உஷார். கருப்பு பனியன் கும்பல்.'
கோஷ்டி கும்பலாக அரை நாள் போதும்போல.
எழுத்து நன்றாகவே விழுந்திருந்தது.
ஓரத்தில் பொடியாக என் கடைப் பெயர்.
அதைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன்.
இரண்டு மாதம் டில்லி எனக்குக் கேன் போடவில்லை.
நான் ஏன் என்று கேட்கவுமில்லை.

ஆடி கழிந்து
கண்டெய்னர் யார்டு மேஸ்திரி வந்தார்.
நாற்பது ஆரஞ்சுக் கோட்டு.
அளவு கேட்டேன்.
"நீயே போட்டுக்கோம்மா. வடக்கத்தி ஆளுங்க,
எல்லாம் ஒரே அளவுதான்."
நாற்பதும் மீடியம் என்று பில்லில் எழுதினேன்.
என் கையெழுத்துதான், இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள்
கடை வாசலை அடைத்துக்கொண்டு ஒருவன்,
அக்குளில் தையல் கிழிந்த கோட்டோடு.
ஒடிசா, கஞ்சம் பக்கமாம்.
"வீட்ல எல்லாம் குள்ளம், நான் மட்டும் இப்டி,"
பாதி தமிழில், மீதியைக் கையால் காட்டினான்.
பெயர் தீனபந்து.
பெரியதாக ஒன்று தைத்து வைக்கிறேன், நாளைக்கு வா என்றேன்.
வரவில்லை.
ஷிப்ட் விடமாட்டார்களாக இருக்கும்.

கோட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன்.
அதே கேட். மூடியிருந்தது.
அந்தப் பக்கம் நாற்பது ஆரஞ்சு.
அவன் உயரத்தை வைத்துத் தேடினேன்,
தூரத்திலிருந்து உயரமானவனே யாரும் இல்லை.
கேட் கம்பிக்கடியில் நுழைந்து
மொத்தமாக என்னைப் பார்த்து வந்தார்கள்.
என் கை
தானாகப் பர்ஸுக்குப் போனது.
ஏன் என்று கேட்காதீர்கள்.

பர்ஸை விட்டுவிட்டு
"தீனபந்து" என்று கத்தினேன்.

இரண்டு பேர் திரும்பினார்கள்.
இருவரும் ஒல்லி.