துடைத்த துணி

தலவாக்கலைக் கடைக்குப் பின்னால் ஓடும் கான்
ஐப்பசி மழையில் அடைத்துக் கக்கியதில்
பாதி என்னுடையது:
ஈரத் துடைப்பான்கள், ஷாம்பு பெக்கட்,
ஜிகினா ஒட்டிய பஞ்சு.
ஒன்றில் இன்னும் அழியாமல்
வைகாசி மணப்பெண் சுகிர்தமலரின் உதடு.

இப்போது தேங்காயெண்ணெயும்
பழைய சாரத்தில் கிழித்த எட்டுத் துண்டும்தான்.
"துணியா அக்கா?"
ஒத்திகை மேக்கப்புக்கு வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.
அவித்த துணி என்றேன்.
அவித்தால்
தேயிலை மாதிரிச் சாயம் இறங்குகிறது.

மூன்று நாளாய் மூடுபனி.
கொடியில் ஒன்றும் காயவில்லை.
முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்தேன்,
கரண்ட் பில் ஞாபகம் வந்து நிறுத்தினேன்.
அடுப்படியில் விரித்திருக்கிறேன்;
நாளை அவள் கன்னம் விறகுப் புகை மணக்கும்.

சாயத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறேன் என்று மட்டும்
கேட்காதீர்கள்.
அதே கான்.
அது தாண்டினால் அணை.