இயல்புநிலைப் பெறுமானம்

கொக்குவில். கீழே ரயர் கடை, மேலே நாங்கள்.
ஒன்பது மீன் குளிரறைகளுக்கு
ஒரே வார்ப்புரு எழுதினேன்.
நெளியடைப்புக்குள் ஊர்,
நெளியடைப்புக்குள் பாகை,
கதவு திறந்து கிடந்தால் கூப்பிட வேண்டிய இலக்கம்.

பாசையூர் வந்து குந்தும், எழும்பும்,
மாதகல் குந்தும்.
அடைப்பு அசையாது, மினிபஸ் ஸீற்றைப் போல.

பள்ளிக்கூடக் கணக்கில் படித்த சொற்கள்தான்:
மாறி, மாறிலி, சார்பு.
எது எதைச் சார்ந்தது என்று சோதனையில் கேட்டார்கள்.
சரியாக எழுதினேன், மறந்துபோனேன்.

ஊர்ப்பெயரைச் சுருக்க ஒரு சார்பு.
முதல் மூன்றை வெட்டித் தரும்.
அதற்குக் கொம்பும் காலும் சுழியும் தனித்தனி எழுத்து.
பருத்தித்துறையைக் கொடுத்தேன்,
பரு என்றது.
கொழும்புத்துறை, உகரம் அறுந்து, கொழ.
சிரித்துச் சிரித்துத் திருத்தினோம்
நானும் தர்மிகனும்.

மற்றதைத் திருத்தவில்லை.
அது நல்ல பிள்ளை.
பெறுமானம் வராவிட்டால்
இயல்புநிலைப் பெறுமானத்தை எடுத்து வைத்துவிடும்,
சத்தம் போடாது.
இயல்புநிலை என்ற சொல்
இந்த ஊரில் செய்தியறிக்கையில்தான் அடிபடும்.
என் கோப்பில் அது ஒரு தொலைபேசி இலக்கம்,
சோதித்துப் பார்க்கவென்று போட்டது,
என்னுடையது.

இரவு இரண்டு நாற்பது.
மயிலிட்டி. கதவு திறப்பு. பாகை நான்கு.
பாகை ஐந்து.
பட்டியலைத் திறந்தேன்.
மயிலிட்டிக்கு நேரே பூச்சியம்கூட இல்லை,
ஒரு காற்புள்ளி, பக்கத்தில் இன்னொரு காற்புள்ளி,
நடுவில் ஒன்றுமில்லை.

தர்மிகனை எழுப்பினேன்.
அவன் பாசையூர் அன்ரனீற்றாவை.
அவ காங்கேசன்துறையில் தன் மச்சானை.
மச்சான் யாரையோ.
ஒன்றை ஒன்று அழைத்து, உள்ளுக்குள் உள்ளுக்குள் போய்,
எல்லாரும் விடைக்காகத் தொங்கிக்கொண்டு நிற்க,
மூன்று பத்துக்கு
அதே வழியால் திரும்பி வந்தது:
பூட்டியாச்சு. கணவாய் ரண்டு பெட்டி போச்சு.

நித்திரை வரவில்லை.
அந்தச் சார்பை அழித்தேன்.
இனி வெறுமை வந்தால் வழு என்று கத்தும்,
ஓட மறுக்கும்.
கத்தட்டும்.

ஒன்பது மணிக்குக் கொறற்றி அக்கா தானே எடுத்தா.
இலக்கத்தை இரண்டு தரம் சொன்னா, ஆறுதலாக.
பிறகு கேட்டா:
“இவ்வளவு நாளும் எங்கட கதவுக்கு
ஆற்ர நம்பர் கிடந்தது?”

“என்ர.”

“நீங்கள் ஆர்?”

கீழே ரயர் கடைக்காரர்
ஷட்டரைத் தூக்கினார்.