வாசலில் நூறு

கத்தோவீட்சேயில் டிராம் ஓட்டுகிறேன்.
விடுப்பு நாளில், இருநூறு ஸ்லோட்டிக்கு,
கண்ணாடி அறையொன்றில்
மூக்கை வாடகைக்கு விட்டேன்.

ஸ்வாவோமிர் மெல்லிய குழாயொன்றை
நாசி வழியே தொண்டைவரை இறக்கினான்.
"கந்தகப் புகைதான், பானி யத்விகா.
ஜனவரியில் நம் தெருவில் சும்மா கிடைப்பது."

முதலில் வாயை மூடி உட்கார்ந்திருந்தேன்.
நாசி வாசலில் நூறு.
தொண்டையில் இரண்டு.
நடுவில் தொண்ணூற்றெட்டு என்ன ஆயிற்று?
கரைந்துவிட்டது என்றான்.
எதில்?
பேனாவால் என்னைக் காட்டினான்.

சனியன் பிடித்த சளி என்று
நான் கைக்குட்டையில் சிந்திப்போட்ட ஈரம்
வந்ததையெல்லாம் வாசலிலேயே
வாங்கி வைத்துக்கொள்கிறதாம்.
யாரும் சொன்னதில்லை.

பிறகு சைக்கிள்.
மிதிக்க மிதிக்க வாய் தானாகத் திறந்துகொண்டது.
ஏழு. பதினொன்று. பத்தொன்பது.
மூக்கைச் சுற்றிப் போக வழி கிடைத்ததும்
புகை கீழே இறங்கியது.
நெஞ்சுக்குள் யாரோ
ஈரக் கம்பளியை முறுக்கிப் பிழிந்தார்கள்.
போதும் என்றேன்.

சுத்தக் காற்றைத் திறந்துவிட்டார்கள்.
உள்ளே போவது சுழியம்.
ஆனாலும் மூச்சு விடும்போது ஊசி அசைந்தது:
நான்கு. மூன்று. மறுபடி மூன்று.
"வாங்கியதில் கொஞ்சம் மூக்கு திருப்பித் தருகிறது,"
எழுதிக்கொண்டே சொன்னான்.
மிச்சம் எங்கே என்று
நான் கேட்கவில்லை.

மாலை டிராமில், பயணியாக.
கூரைகளெல்லாம் அடுப்பு மூட்டிவிட்டன.
எதிர் இருக்கையில் ஒரு குழந்தை
வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.
அதன் தலைக்கு மேல் ஜன்னல்
ஒரு விரற்கடை திறந்திருந்தது.
எழுந்துபோய் மூடினேன்.